வாய்வழி உத்தரவு

செவ்வாய்க்கிழமை காலை எட்டேகால் மணிக்கு அந்தக் கப்பலின் கயிற்று ஏணியைப் பற்றியபோது, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் பைலட் நினைத்திருந்தார். மனைவியிடமும் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

பைலட் என்றதும் விமானத்தை நினைக்க வேண்டாம். அவர் வேலை கடலில். வெளியிலிருந்து வருகிற எந்தப் பெரிய கப்பலும் துறைமுகத்துக்குள் தானாக நுழைந்துவிட முடியாது. உள்ளூர்த் தண்ணீரின் ஆழமும் மேடும் தெரிந்த ஒருவர் படகில் போய் ஏறி, கேப்டன் பக்கத்தில் நின்று, இந்தப் பக்கம் திருப்பு, இவ்வளவு வேகம் போதும் என்று சொல்லிச் சொல்லி உள்ளே கூட்டிவர வேண்டும். இருபத்தோரு வருடமாக அதுதான் அவர் பிழைப்பு. கல்யாண வீடுகளில் புதிதாக அறிமுகமாகிறவர்கள், "விமானத்துல ஜன்னலோர சீட்டு கிடைக்குமா?" என்று கேட்பார்கள். "நம்மகிட்ட ஏணியோர சீட்டுதாங்க இருக்கு" என்பார்.

நாட்டுக்கு இருந்தது அந்த ஒரே துறைமுகம். பெயர் சொல்லிப் பேசினால் வம்பு என்பதாலோ என்னவோ, ஜனங்கள் இரண்டு பெரிய நாடுகளையும் 'பக்கத்து வீட்டுக்காரன்', 'தூரத்துச் சொந்தம்' என்றே சொல்லிப் பழகியிருந்தார்கள். பெட்ரோல், டீசல், மருந்து எல்லாம் பக்கத்து வீட்டுக்காரனிடமிருந்து வந்தன. கோதுமையை அனுப்புவதும் துறைமுகத்தில் புதிய கப்பல்மேடையைக் கட்டிக் கொடுத்ததும் தூரத்துச் சொந்தம். இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை.

"ரெண்டு சம்பந்தி வீட்டுக்கும் நடுவுல மாட்டின சமையல்காரன் கதைதான் நம்ம கதை. உப்பு கூடினாலும் நமக்குத்தான் திட்டு, குறைஞ்சாலும் நமக்குத்தான்" என்று மச்சான் அடிக்கடி சொல்வார்.

மச்சான் என்பது பைலட்டின் மனைவிக்கு அண்ணன். துறைமுகத்தின் ஹார்பர் மாஸ்டரும் அவர்தான். எந்தக் கப்பல் எப்போது உள்ளே வரலாம் என்று உத்தரவு போடுகிற நாற்காலி. அதற்கு முன்னால் அவரும் பைலட்டாக இருந்தவர். பைலட்டுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்ததும், தன் தங்கையைக் கட்டிக்கொடுத்ததும் அவரே.

அன்று வந்திருந்தது தூரத்துச் சொந்தத்தின் கப்பல். வெள்ளை நிறம், தளம் முழுக்கக் கவிழ்த்து வைத்த அண்டாக்கள் மாதிரி உருண்டை உருண்டையான கருவிகள். கடலடி மண்ணை ஆராய்கிற கப்பல் என்று அவர்கள் சொன்னார்கள். ஒட்டுக்கேட்கிற கப்பல், அதை உள்ளே விட்டால் நட்பு முறிந்ததாக எடுத்துக்கொள்வோம் என்று பக்கத்து வீட்டுக்காரன் சொன்னான். ஒரு வாரமாகப் பத்திரிகைகளில் இதே பேச்சு. திங்கட்கிழமை சாயங்காலம் அரசாங்கம் அனுமதி கொடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. காலையில் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வழக்கம்போல ரேடியோவில் கூப்பிட்டார்கள். வழக்கம்போல அவர் போனார்.

ஏணி ஏறி, கப்பலோட்டும் அறைக்குப் போய், கேப்டனிடம் கைகுலுக்கி, அவர் நீட்டிய காப்பியை ஒரு வாய் குடிப்பதற்குள் ரேடியோ பேசியது. "பைலட், கட்டுப்பாட்டு அறை. வெளியிலேயே நங்கூரம் போட்டுக் காத்திருக்கவும்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியாது. காத்திருக்கவும்."

காத்திருந்தார். பதினோரு மணிக்குக் காற்று பிடித்துவிட்டது. அலை ஏறி, அவரைத் திரும்ப இறக்கிக்கொள்ள வந்த சிறிய படகு இரண்டு தடவை கப்பலின் வயிற்றில் மோதிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. இப்படித்தான் அவர் அங்கே மாட்டிக்கொண்டார்.

கேப்டன் அறுபதை நெருங்கியவர், சாது. உலகத்துக் கப்பல்காரர்கள் எல்லாருக்கும் பொதுவாக இருக்கிற நூற்றைம்பது ஆங்கிலச் சொற்களை வைத்துக்கொண்டு இருவரும் பேசினார்கள். முழங்கால் வலி, பெண் பிள்ளைகளின் படிப்பு, மருமகன்கள் எப்படி வாய்ப்பார்களோ என்கிற கவலை. அந்த உருண்டைகளைப் பற்றி இவர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலையில் தொடுவானத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கப்பல் நின்றது. பக்கத்து வீட்டுக்காரனின் போர்க்கப்பல். அது எதுவும் செய்யவில்லை, சும்மா நின்றது. சாப்பாட்டு அறைத் தொலைக்காட்சியில் ஊர்ச் செய்தி ஓடியது. பக்கத்து நாட்டிலிருந்து வரும் எண்ணெய்க் கப்பல்கள் இரண்டும் 'பழுது பார்ப்பதற்காக' நிறுத்தப்பட்டிருந்தன. பெட்ரோல் பங்குகளில் வரிசை, தெருமுனையைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போயிருந்தது. அங்கே நடந்த ஒரு தள்ளுமுள்ளில் கீழே விழுந்த கிழவரைத் தூக்குகிறவர்களில் ஒருவர் தன் தெருவில் இருக்கிற தையல்காரர் என்று பைலட்டுக்கு அடையாளம் தெரிந்தது.

மதியம் மகள் கூப்பிட்டாள். ஒரே மகள். பக்கத்து நாட்டில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள், கடைசி வருடம். ஐந்து மாதம் போனால் டாக்டர்.

"அப்பா, நீங்க அந்தக் கப்பல்லயா இருக்கீங்க?"

"யாரு சொன்னா?"

"அம்மா. யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க." குரலைத் தாழ்த்தினாள். "இங்க நம்ம ஊர்ப் பிள்ளைங்க எல்லார்கிட்டயும் அடையாள அட்டைய வாங்கி வச்சுக்கிட்டாங்கப்பா. நானூறு பேரு. சும்மா சரிபார்க்கறதுக்குன்னு சொல்றாங்க."

"சரிபார்க்கறதுக்குத்தான் இருக்கும், குட்டிம்மா. நீ போய்ப் படி."

"நீங்க அதை உள்ள கொண்டு போகப் போறீங்களா?"

"சொன்னா போவேன். சொல்லலைன்னா போக மாட்டேன். நானா முடிவு பண்றேன்?"

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கைபேசி அடித்தது. மச்சான்.

"மாப்ள, கொண்டு வந்துடுங்க."

"யாரு சொன்னது?"

"மேல இருந்து."

"மேலன்னா எந்த மாடி, மச்சான்?"

"விளையாடாதீங்க. அமைச்சர் ஆபீஸ்ல இருந்து இப்பத்தான் பேசினாங்க. ரெண்டு மணிக்குக் கடல் ஏத்தம். அதை விட்டா இவ்வளவு பெரிய கப்பலுக்குத் தண்ணி போதாது."

"சரி. அதையே ரேடியோல ஒரு தடவை சொல்லிடுங்க. பதிவாயிடும்."

மச்சான் எழுந்து தன் அறைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"ரேடியோல சொல்ல முடியாது. ரெண்டு நாட்டுக்காரனும் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கான்."

"அப்ப ஒரு வரி எழுதி அனுப்புங்க."

"எழுத்துல எதுவும் கூடாதுன்னுதான் சொல்லியிருக்காங்க. மாப்ள, கேளுங்க. கோதுமைக் கப்பல் உங்களுக்குப் பின்னாடி நிக்குதா? உங்க கண்ணுக்குத் தெரியுதா?"

தெரிந்தது. இரண்டு மைலுக்கு அப்பால், சிவப்பு வயிறு தெரிய நின்றது.

"கிடங்குல ஒன்பது நாளைக்குத்தான் மாவு இருக்கு. இது உள்ள வந்தாத்தான் அதை அவுத்து விடுவான் தூரத்துச் சொந்தம். வாய்விட்டுச் சொல்லல, ஆனா அதுதான்."

"பக்கத்து வீட்டுக்காரன்?"

"அவன்கிட்டயும் பேசியாச்சாம். கண்டும் காணாம இருந்துடுவான்னு சொல்றாங்க."

"சொல்றாங்களா, இருப்பானா?"

"நான் உங்க பொண்டாட்டிக்கு அண்ணன். உங்கள மாட்டி விடுவேனா?"

பைலட் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார். முடியாது என்று சொல்லலாம். சொன்னால் வேறு ஒரு பைலட்டை அனுப்ப இந்த அலையில் வழி இல்லை. அப்புறம் ஒன்பது நாள் மாவு. முடியும் என்று சொன்னால் மகள் இருக்கிற ஊர். அவருக்குத் தெரிந்தது சுக்கானும் நீரோட்டமும். இதையெல்லாம் தராசில் வைக்க யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

"சரி மச்சான்" என்றார். கேப்டனிடம் திரும்பி, நங்கூரத்தைத் தூக்கச் சொன்னார்.

துறைமுகத்துக்குள் போகிற வழி, கடலடியைத் தோண்டி உண்டாக்கிய ஒரு வாய்க்கால். இரண்டு பக்கமும் மணல் மேடு. வழி தெரிவதற்காக இரு ஓரமும் எண் போட்ட மிதவைகள் கட்டியிருக்கும். வாய்க்காலின் அகலம் நூற்று நாற்பது மீட்டர். கப்பலின் நீளம் நூற்று எண்பது. ஆறாவது மிதவை வரைக்கும் கடல் கொஞ்சம் அகலம்; மனசு மாறினால் திரும்பிக்கொள்ளலாம். ஏழாவதைத் தாண்டிவிட்டால் உள்ளேதான் போக வேண்டும். அந்த அலைக்கு இழுவைப் படகுகள் வெளியே வர முடியாமல், தடுப்புச் சுவருக்கு உள்ளே காத்திருந்தன.

ஏழாவது மிதவை பின்னால் போய் நான்கு நிமிடம் ஆகியிருந்தது. ரேடியோ உயிர்பெற்றது. வழக்கமாகப் பேசுகிற பெண்ணின் குரல் இல்லை. மச்சானின் குரல். ஆனால் மச்சானுடையது மாதிரி இல்லை.

"பைலட், கட்டுப்பாட்டு அறை. உங்களுக்கு உள்ளே வர அனுமதி இல்லை. கப்பலை நிறுத்தி, திரும்பி வெளியே போகவும்."

பைலட் ஒலிவாங்கியை எடுத்தார்.

"கட்டுப்பாட்டு அறை, பைலட். ஏழாவது தாண்டியாச்சு. திருப்ப இடமில்ல."

"அனுமதி இல்லை. திரும்பிப் போகவும்."

"சார், உங்களுக்கே தெரியும். இங்க நங்கூரம் போட்டா பின்பக்கம் சுத்தி மேட்டுல ஏறிடும். துறைமுகமே அடைஞ்சு போயிடும்."

"உத்தரவு தெளிவானது, பைலட்."

உத்தரவு தெளிவாகத்தான் இருந்தது. பதிவும் ஆகிக்கொண்டிருந்தது. இந்த வாய்க்காலின் ஒவ்வொரு மேட்டையும் கைபிடித்துக் காட்டிக்கொடுத்தவர் அந்தப் பக்கம் இருக்கிறார். ஏழாவதுக்கு அப்புறம் என்ன என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் நான்கு நிமிடம் காத்திருந்தாரா?

தமிழ் தெரியாத கேப்டன் முகத்தைப் பார்த்தே கேட்டார். "என்ன சொல்கிறார்கள்?"

"நிறுத்தச் சொல்கிறார்கள்."

"முடியுமா?"

"முடியாது."

கேப்டன் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் பார்த்தார். பைலட்டும் முன்னால் பார்த்தார். சுக்கான் பிடிக்கிறவனுக்கு எண்களைச் சொன்னார். பின்னாலிருந்து வந்த அலை கப்பலின் பிட்டத்தைத் தூக்கித் தூக்கி வலப்பக்கம் தள்ளியது. மூன்று தடவை ரேடியோ அதே வாக்கியத்தைச் சொன்னது. அவர் பதில் சொல்லவில்லை. பேசினால் கவனம் சிதறும். இரண்டு மணி ஐம்பது நிமிடத்துக்குக் கப்பலைப் புதிய மேடையில், ஒரு கீறல் விழாமல் அணைத்தார். அவர் வாழ்க்கையிலேயே அதைவிடச் சுத்தமாக ஒரு கப்பலைக் கரையில் கட்டியதில்லை.

மேடையில் மாலையோடு தூரத்துச் சொந்தத்தின் தூதரக ஆட்கள் நின்றார்கள். அவர்களுக்கு ஐந்து அடி தள்ளி, சாதாரண உடையில் நான்கு பேர் நின்றார்கள். மாலை கேப்டனுக்கு. நான்கு பேர் பைலட்டுக்கு.

அவரை வைத்திருந்தது சுங்க அலுவலகத்தின் மாடியில், விருந்தினர் அறையில். ஜெயில் என்று சொல்ல முடியாது. கட்டில் இருந்தது, குளியலறையில் சோப்பு இருந்தது. கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு ஓர் ஆள் இருந்தார். ஜன்னலைத் திறந்தால் பெட்ரோல் வரிசை தெரிந்தது. இரண்டாம் நாளிலிருந்து வரிசையில் வண்டிகள் இல்லை. கேன்களை வரிசையாக வைத்துவிட்டு ஆட்கள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள்.

விசாரித்தவர் ஓர் இளம் அதிகாரி, மரியாதையாகத்தான் பேசினார். "உள்ளே கொண்டுவரச் சொன்னது யாருங்க?"

"ஹார்பர் மாஸ்டர்."

"ரேடியோவில் அவர் நிறுத்தச் சொன்னதுதானே இருக்கு?"

"அதுக்கு முன்னாடி போன்ல சொன்னாரு. பன்னிரண்டு மணிக்கு. போன் கணக்கை எடுத்துப் பாருங்க, நாலு நிமிஷம் பேசியிருப்போம்."

"எடுத்தோம். அவர் உங்களுக்கு மச்சான் இல்லையா? குடும்ப விஷயம் பேசினதா எழுதிக் கொடுத்திருக்கார்."

பைலட்டுக்குச் சிரிப்பு வந்தது. அதிகாரி அதையும் குறித்துக்கொண்டார்.

நான்காம் நாள் மனைவி வந்தாள். பஸ் ஓடவில்லை, ஒன்றரை மணி நேரம் நடந்து வந்திருந்தாள். முகமெல்லாம் வியர்வை. அவள் உட்காரக்கூட இல்லை.

"பெரியாஸ்பத்திரியில ஜெனரேட்டரைப் பாதி நேரம்தான் ஓட்டறாங்களாம். உயிர்போற கேஸ் மட்டும்தான் ஆபரேஷனாம். கோதுமைக் கப்பல்ல இருந்து மூட்டை இறங்குது, ஆனா எடுத்துட்டுப் போக லாரிக்கு டீசல் இல்ல." மூச்சு வாங்கினாள். "குட்டிம்மா பேசினா. விடுதியைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்களாம். பத்து நாள் டைம். எல்லாப் பிள்ளைங்களையும்தான்."

"உங்கண்ணன் வந்தாரா வீட்டுக்கு?"

"வந்தாரு." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "ஒரு காகிதம் கொண்டு வரேன்னு சொன்னாரு. நீங்க கையெழுத்து போட்டா எல்லாம் சரியாயிடுமாம்."

"நீ என்ன சொல்ற?"

"நான் என்னங்க சொல்றது?" என்றவள், கதவுவரை போய்விட்டுத் திரும்பினாள். "போட்டா அவ படிப்ப முடிச்சிடுவா இல்ல?"

மறுநாள் மச்சான் வந்தார். நாலு நாளில் பத்து வயது கூடின மாதிரி இருந்தார். சவரம் செய்யவில்லை. காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

ஒரு பக்கம்தான். யாருடைய உத்தரவும் இன்றி, தன்னிச்சையாக, நிறுத்தச் சொன்ன பிறகும் கேளாமல், நட்பு நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு விளைவிக்கும் கப்பலைத் தான் உள்ளே கொண்டுவந்ததாக எழுதியிருந்தது. நல்ல தமிழ். யாரோ யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

"திருப்ப இடமில்லன்னு நான் சொன்னது எங்க?"

"அது வேணாம்னு சொல்லிட்டாங்க, மாப்ள."

"பதிவுல இருக்கே."

"இருக்கு. நீங்க நிறுத்தலைங்கறதும் இருக்கு."

"மச்சான், என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க. ஏழாவது தாண்டட்டும்னு காத்திருந்தீங்களா?"

மச்சான் திரும்பவில்லை. "மூணு போன் மாறி மாறி வந்துச்சு. கொண்டு வான்னு ஒருத்தர். நிறுத்துன்னு ஒருத்தர். உள்ளயும் வரணும், நாம தடுத்த மாதிரியும் இருக்கணும்னு ஒருத்தர். நான் என்ன செய்யட்டும்?"

"கடைசி ஆள் சொன்னதைச் செஞ்சுட்டீங்க."

"ஊருக்கு எண்ணெய் வேணும், மாப்ள. அவனுக்கு ஒரு ஆள் வேணும். நாடு செய்யல, ஒரு கிறுக்கன் செஞ்சான்னு நாம சொன்னா, சரின்னு ஏத்துக்கறானாம். பேசி முடிச்சாச்சு. வழக்கு கிடையாது, ஜெயில் கிடையாது. லைசென்ஸ் மட்டும் போகும். பிள்ளைங்க எல்லாரையும் திரும்பச் சேர்த்துக்குவான். நானூறு பிள்ளைங்க."

"போடலைன்னா?"

"போடலைன்னாலும் நீங்கதான் கிறுக்கன். எண்ணெய் மட்டும் வராது."

பைலட் காகிதத்தை இன்னொரு முறை படித்தார். கீழே வரிசையில் யாரோ யாரையோ திட்டுகிற சத்தம் கேட்டது. பேனா எங்கே என்று கேட்டார். மச்சான் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வாங்கும்போது அது கீழே விழுந்து, கட்டிலுக்கடியில் உருண்டது. வயதான அந்த இருவரும் குனிந்து தேடினார்கள்.

அன்றே அவரை வீட்டுக்கு விட்டார்கள். சாயங்காலச் செய்தியில் அவர் படம் வந்தது. மூன்றாம் நாள் எண்ணெய்க் கப்பல்கள் வந்தன. அடுத்த வாரம் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. இனிமேல் துறைமுகக் கட்டுப்பாட்டு அறையில் பக்கத்து வீட்டுக்காரனின் அதிகாரிகள் இருவர் நிரந்தரமாக உட்காருவார்கள். அவர்கள் தலையாட்டாமல் எந்தப் பைலட்டும் எந்தக் கப்பலிலும் ஏற முடியாது. அதற்கு மறுவாரம் தூரத்துச் சொந்தத்துக்குக் கோபம் வராமலிருக்க, புதிய கப்பல்மேடை முழுதும் அவர்களுக்கே குத்தகைக்குப் போனது. பேச்சுவார்த்தை வெற்றி என்று பத்திரிகைகள் எழுதின.

பிள்ளைகளையும் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். சொன்ன சொல் தவறவில்லை. முன்னூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர்.

மகள் தனக்குக் கல்லூரி அனுப்பிய கடிதத்தைத் தொலைபேசியில் படித்துக் காட்டினாள். குரல் சாதாரணமாக இருந்தது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. "இந்நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு விளைவித்ததாகத் தாமே எழுத்து மூலம் ஒப்புக்கொண்ட நபரின் நேரடி வாரிசு என்பதால்..." படித்து நிறுத்தினாள். "அப்பா, எதை ஒப்புக்கிட்டீங்க?"

மச்சான் அமைச்சர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். அது பேச்சில் இல்லையே என்றார்கள். நானூறு பேர் என்றுதானே பேசினோம் என்று இவர் கேட்டதற்கு, பொதுவாகப் பிள்ளைகள் என்றுதான் பேசியது, எண்ணிக்கை எங்கேயும் எழுதவில்லை என்றார்கள். மேலும், சட்டப்படி அவர்கள் செய்தது சரிதானாம்.

அவள் வந்து இறங்கியது பயணிகள் படகில், ஒரு புதன்கிழமை முற்பகல். பைலட் ஒன்பது மணிக்கே துறைமுக வாசலுக்குப் போய்விட்டார். இருபத்தோரு வருடம் அவருக்கு சலாம் வைத்த காவலாளி, பாஸ் கேட்டார். பாஸ் ரத்தாகிவிட்டது என்று இருவருக்கும் தெரியும்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. கேமரா இருக்கு."

"பரவால்லப்பா. வெயில்ல நிக்கிறேன், அவ்வளவுதானே."

இரும்பு வேலிக்கு இந்தப் பக்கம் நின்றார். வெளியே வந்த ஒரு தம்பதி அவரைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். அந்த அம்மாள் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டுத் திரும்பி வந்து, "எங்க மாமனாருக்கு டயாலிசிஸ் ஒரு வாரம் செய்ய முடியாமப் போச்சு, தெரியுமா உங்களுக்கு?" என்றாள். சத்தம் போடாமல்தான் சொன்னாள். "போயிட்டாரு." கணவர் அவள் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். பைலட் என்ன சொல்ல முடியும்? கையெழுத்து அவருடையதுதான்.

மகள் இரண்டு பெட்டியும் முதுகில் ஒரு பையுமாக வந்தாள். இளைத்திருந்தாள். அவர் பெட்டியை வாங்கப் போனபோது, "கனமா இருக்கும்பா, புஸ்தகம்" என்று சொல்லிச் சின்னப் பெட்டியை மட்டும் கொடுத்தாள். பஸ்ஸில் கண்டக்டர் அவரை உற்றுப் பார்த்தபோது, அவள் எழுந்து அப்பாவுக்கும் அந்தப் பார்வைக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

வீட்டுக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் கேட்டாள். "போன்ல சொன்னதுன்னு எழுதலைன்னா பரவால்ல. கப்பலைத் திருப்ப முடியாதுங்கறது உண்மைதானே, அதையாவது எழுதச் சொல்லியிருக்கலாம்லப்பா?"

"கேட்டேன்."

"கேட்டுட்டு?"

"வேணாம்னாங்க."

"உடனே போட்டுட்டீங்களா?"

"நீ படிப்ப முடிப்பேன்னு நினைச்சேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்குகிறது என்று அவருக்குத் தெரிந்தது. தொடலாமா கூடாதா என்று தெரியாமல், பெட்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள் மச்சான் வீட்டுக்கு வந்தார். மூன்றாவது மாடி, மின்சாரம் மிச்சப்படுத்த லிப்டை நிறுத்தி வைத்திருந்தார்கள். மேலேறி வந்த மூச்சிரைப்பு கதவுக்கு இந்தப் பக்கமே கேட்டது. மனைவிதான் திறந்தாள். பைலட் உள்ளறையில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார், எழுந்து வரவில்லை.

"குட்டிம்மாவைப் பார்க்கணும்மா" என்றார் மச்சான்.

"பார்த்து?"

"உள்ளூர்க் காலேஜ்ல பேசியிருக்கேன். முதல் வருஷத்துல இருந்து படிக்கணும்கறாங்க. மறுபடி பேசறேன்."

"யார்கிட்டண்ணே பேசினீங்க? போன்லயா?"

அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "எனக்கும் போன்லதாம்மா சொன்னாங்க. எனக்கு மேல இருக்கறவருக்கும் போன்லதானாம். அவரைக் கேட்டா அவர் மேல கையைக் காட்டறாரு. என்கிட்டயும் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. நாளைக்கு அவனுக்கு இன்னொரு ஆள் வேணும்னா அது நான்தான்."

"அன்னிக்கு நாங்க வந்து உங்களைப் பார்க்கறோம்ணே" என்றாள் அவள். "இப்ப நீங்க போங்க."

"ஒரு வாய் தண்ணியாவது குடும்மா."

அவள் உள்ளே வந்து, சொம்பில் தண்ணீர் எடுத்துப் போய்க் கொடுத்தாள். அவர் வாசலுக்கு வெளியே நின்றபடியே குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, சொம்பை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். சாத்திய கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவளுக்குக் கூடப்பிறந்தவர் என்று இருந்தது அந்த ஒருவர்தான்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் மெதுவாக, நின்று நின்று இறங்கியது.

மகள் அறையிலிருந்து வெளியே வந்தாள். குளித்துத் தலை வாரியிருந்தாள். பெரியாஸ்பத்திரியில் வார்டு உதவியாளர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று காலையில் அம்மா சொல்லியிருந்தாள். படுக்கை மாற்றுவது, நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போவது.

"என்ன படிச்சிருக்கேன்னு கேட்பாங்கப்பா" என்றாள் உள்ளறை வாசலில் நின்று. "டாக்டருக்குன்னா, ஏன் விட்டேன்னும் கேட்பாங்க. என்ன சொல்லட்டும்?"

பைலட் ஊசியைச் சட்டையில் குத்தி வைத்துவிட்டு யோசித்தார். அவள் சுவரில் சாய்ந்து நின்று காத்திருந்தாள்.

"பள்ளிக்கூடம் முடிச்சிருக்கேன்னு சொல்லு" என்றார் கடைசியில்.

அவள் தலையாட்டிவிட்டுச் செருப்பைத் தேடப் போனாள்.